லாகூர்க் குளிரும் கல்லாற்றுக் கடியாரமும்

தம்பானூர் ஸ்டேஷனில் அன்று வந்திருந்தவர்கள்: வலியசாலை வக்கீல் வெங்கிட்டராமையர். அவருடைய குமாஸ்தா கேசவபிள்ளை. போலீஸ் கான்ஸ்டபிள் மத்தாயி. மத்தாயியின் அம்மா, திருவல்லாவிலிருந்து வந்து அழுதுகொண்டிருந்தாள். என் பெண்சாதி செல்லம். அப்புறம் நான். எங்களை அனுப்புகிற கிளப்பின் பிரஸிடெண்டு மாலையோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அவரும் வரவில்லை, மாலையும் வரவில்லை.

நானும் மத்தாயியும் லாகூருக்குப் போகிறோம். அங்கே இந்தியாவின் எல்லாச் சீமைகளிலிருந்தும் ஆட்கள் கூடுகிற பந்தயம். மத்தாயி இரும்புக் குண்டு எறிவார். நான் இருபத்தாறு மைல் ஓடவேண்டும்.

என் பெயர் சுடலைமுத்து. பிறந்தது தோவாளைப் பக்கம், இருப்பது கரமனை. கோர்ட்டில் சம்மன் கொண்டுபோகிற பியூன். வேலை ஆக்டிங். நாலு வருஷமாக ஆக்டிங். ஸ்திரமான பியூன் யாராவது லீவு போட்டால் எனக்குச் சோறு. எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருந்தால் எனக்குப் பட்டினி.

நெடுமங்காடு, விதுரை, கல்லாறு, இதெல்லாம் என் பக்கம். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் ஒரு பகல் போய்விடும். ஆகவே ஓடுவேன். இதை வக்கீல் சாமி பார்த்துவிட்டார். அவருக்கு ஓட்டப் பந்தயம் என்றால் பைத்தியம். தான் ஓடமாட்டார். வயிறு பெரிது.

தை மாசத்தில் ஒரு நாள் எனக்குப் பரீட்சை வைத்தார். கரமனைப் பாலத்திலிருந்து கல்லாற்றில் மீரான்பிள்ளையின் சாயாக்கடை வரை. மோட்டாரில் போய் அளந்து, இருபத்தாறு மைலும் சொச்சமும் என்றார். காலை ஐந்தரைக்குப் பாலத்தில் தன் பைக்கடியாரத்தைப் பிடித்துக்கொண்டு அவரே என்னை விட்டார். கேசவபிள்ளை முந்தின நாளே பஸ்ஸில் போய் அந்தக் கடையில் படுத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்ததும் கடைச் சுவரில் தொங்கின கடியாரத்தைப் பார்த்து நேரம் எழுதி எடுத்து வந்தார். சாமி கழித்துப் பார்த்தார். இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிஷம்.

அந்த வயிற்றோடு அவர் குதித்ததை நான் பார்த்தேன்.

அதிலிருந்துதான் லாகூர் வந்தது. ஜட்ஜிக்கும் விஷயம் போனது. லாகூரில் மூன்று மணிக்குள் ஓடி வந்தால் என்னை ஸ்திரம் பண்ணி உத்தரவு போடுவதாக ஜட்ஜி சொன்னாராம். பிளாட்பாரத்தில் சாமி அதை மூன்றாம் தடவையாகச் சொன்னார்.

"ஏண்டா சுடலை, மேடும் பள்ளமுமா இருக்கற இந்த ரோட்டிலேயே ஐம்பத்தொண்ணுலே வந்தவன், அங்கே தட்டு மாதிரி கிடக்கற ரோட்டிலே மூணுக்குள்ளே வரமாட்டியோ? ஒன்பது நிமிஷம் கையிலே இருக்குடா. நடுவிலே நின்னு காப்பி சாப்டுட்டே வரலாம்."

"சரி சாமி."

"இந்தா, என் கடியாரம். ஸ்டேஷன் கடியாரத்துக்குச் சரி பண்ணியிருக்கேன். தினம் சாவி கொடு. இதைத் தொலைச்சியோ, உன்னைத் தொலைச்சுடுவேன்."

வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

செல்லம் ஒரு மூட்டை கொடுத்தாள். அவல், வெல்லம், உப்பு நாரத்தங்காய். காலில் தேய்க்க ஒரு குப்பி தேங்காயெண்ணெய்.

"அங்கே குளிருமாமே. எம்புட்டுக் குளிரும்?" என்றாள்.

"தெரியாது."

"பொன்முடி மலை மாதிரி இருக்குமோ?"

"இருக்கும்."

"அப்பம் ஒரு துப்பட்டி போதும்."

ஒரு துப்பட்டிதான் கொண்டுபோனேன்.

மத்தாயி பெரிய உடம்பு. பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்று பேர் எழுந்திருக்க வேண்டும். பேசுவது மலையாளம். காதில் எனக்கு அது தமிழ் மாதிரிதான் விழும், ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். தமிழன் என்பதால் என்னைப் 'பாண்டி' என்று கூப்பிட்டார். நான் அவரை 'ஏமானே' என்று கூப்பிட்டேன். போலீஸ்காரரை அப்படித்தான் கூப்பிடவேண்டும்.

மதராஸ் வரைக்கும் சோறு கிடைத்தது. அதற்கப்புறம் குறைந்தது. மூன்றாம் நாள் அறவே இல்லை. பூரியும் உருளைக்கிழங்கும் இலைத் தொன்னையில் கொடுத்தார்கள். மத்தாயி பதினாலு பூரி தின்றுவிட்டு, "சாப்பாடு எப்போது வரும்?" என்று கேட்டார். நான் அவலை நனைத்து வெல்லம் சேர்த்துத் தின்றேன். அவலில் பாதி அவருக்குப் போனது.

ஒரு ஸ்டேஷனில் மண் குவளையில் சாயா விற்றார்கள். மத்தாயி இறங்கினார். இரண்டு குவளையோடு திரும்பும்போது வண்டி நகர்ந்துவிட்டது. அவர் ஓடினார். குவளையைக் கீழே போடு என்று நான் கத்தினேன். போடவில்லை. ஒருவன் கையைப் பிடிக்க, ஒருவன் பெல்ட்டைப் பிடிக்க, உள்ளே வந்து விழுந்தார். ஒரு குவளையில் சாயா அப்படியே இருந்தது. அதை என்னிடம் கொடுத்தார்.

"ஓடுவது உன் வேலையல்லவா பாண்டி. ஏன் என்னை அனுப்பினாய்?"

"நான் அனுப்பவில்லை ஏமானே."

"வாயைத் திறந்து போகாதே என்று சொன்னாயா? அதுதான் அனுப்பினது."

அதற்குப் பிறகு அவரை மத்தாயி என்றே கூப்பிட்டேன். கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார்.

வண்டி நிற்கிற ஸ்டேஷனில் எல்லாம் நான் சாமியின் கடியாரத்தை எடுத்து, ஸ்டேஷன் கடியாரத்தோடு சேர்த்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருந்தது. பாஷை மாறுகிறது, தலைப்பாகை மாறுகிறது, தண்ணீர் ருசி மாறுகிறது, முள் மட்டும் மாறவில்லை. சாமியின் கடியாரம் நல்ல கடியாரம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

லாகூரில் இறங்கியபோது என் பல் தானாக அடித்தது. பேச வாய் திறந்தால் புகை வந்தது. பொன்முடி மாதிரி இல்லை. பொன்முடியில் மேகம் வந்து தொட்டுவிட்டுப் போகும். இங்கே குளிர் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றேன். ஒரு கூலியாள் என்னைப் பார்த்துச் சிரித்துத் தன் கூட்டாளியிடம் ஏதோ சொன்னான். மத்தாயி முன்பு பட்டாளத்தில் இருந்தவர், கொஞ்சம் இந்துஸ்தானி தெரியும். என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"சலவைக்குப் போட்ட துணிக்குள் மனுஷன் இருக்கிறான் என்கிறான்."

ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம். தரையில் வைக்கோல் பரப்பிச் சமுக்காளம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் கர்த்தார் சிங் என்று ஒரு சீக்கியர். ரயில்வே பட்டறையில் வேலை. அவரும் இருபத்தாறு மைல் ஓடவந்தவர். என் அவலை ஒரு பிடி வாயில் போட்டு மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பிறகு மத்தாயியிடம் மரியாதையாகக் கேட்டார். "இதை வேகவைக்க மறந்துவிட்டீர்களா?"

அவர்கள் சோறு கொடுக்கவில்லை. கனமான ரொட்டி, கீரைக் கடைசல், அதன்மேல் ஒரு உருண்டை வெண்ணெய். நான் கீரையை முதலில் குழம்பு என்று நினைத்து ஊற்றிப் பார்த்தேன். விழவில்லை. ஆனால் சூடாக இருந்தது. சூடாக இருந்த எதையும் நான் அங்கே விடவில்லை.

மறுநாள் காலில் எண்ணெய் தேய்க்கலாமென்று குப்பியை எடுத்தேன். உள்ளே எண்ணெய் இல்லை. வெள்ளையாகக் கட்டியாக ஏதோ இருந்தது. கவிழ்த்தேன், வரவில்லை. குலுக்கினேன், சத்தமே இல்லை. கரமனையில் தேங்காயெண்ணெய் எந்த நாளும் இப்படி ஆனதில்லை.

"யாரோ எண்ணெயை எடுத்துவிட்டு மெழுகை ஊற்றிவிட்டான்" என்றேன்.

மத்தாயி மோந்து பார்த்தார். போலீஸ் புத்தி. அறையில் இருந்தவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். "எண்ணெய் வாசனைதான் வருகிறது. சாமர்த்தியமான திருடன்" என்றார். கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொருவர் மூட்டையையும் அவிழ்க்கச் சொல்லத் தொடங்கிவிட்டார். கர்த்தார் சிங்தான் குப்பியை வாங்கி, தன் ஜிப்பாவுக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் காட்டினார். பாதி எண்ணெயாகியிருந்தது. நானும் மத்தாயியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இதை ஊரில் சொல்லவேண்டாம்" என்றார் மத்தாயி.

எண்ணெய் உருகினாலும் காலில் ஊற்றினதும் மறுபடி உறைந்தது. கர்த்தார் சிங் கடுகெண்ணெய் கொண்டுவந்து தானே தேய்த்துவிட்டார். நெடி மூக்கில் ஏறியது. கால் சுட்டது. நன்றாக இருந்தது.

பந்தயத்தன்று காலையில் கடியாரத்தைப் பார்த்தேன். ஏழு. வெளியே இருட்டு. கரமனையில் ஏழு மணிக்கு ஆற்றில் வெயில் விழுந்திருக்கும், குளித்துவிட்டு ஜனம் போய்க்கொண்டிருக்கும். கடியாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்தேன். ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக் கடியாரமும் ஏழு என்றது. கடியாரம் சரி, ஆனால் விடியவில்லை. மத்தாயியைக் கேட்டேன். "குளிருக்குச் சூரியனும் போர்த்திக்கொண்டு கிடக்கும், நீ படு" என்றார். எனக்குப் புரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மைதானத்துப் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பந்தயத்துக்காகச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கால் வைத்தேன். சுட்ட மாதிரி இருந்தது. பார்த்தால் கால் நனைந்திருந்தது. உறைந்த பனி அது.

நான் செருப்பு போட்டு ஓடினதில்லை. அங்கேயிருந்த துரை ஒருவர் என் காலைக் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார். கர்த்தார் சிங் ஓடிப்போய் யாரிடமோ ஒரு ஜோடி கான்வாஸ் ஜோடு வாங்கிவந்து மாட்டிவிட்டார். நல்ல மனுஷன் கொடுக்கிறார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் இரண்டு மைலில் ஜோடு என்னைக் கடித்தது. குதிங்கால் வழுக்கிக்கொண்டே வந்தது. நின்று கழற்றினேன். அதை என்ன செய்வது? ரோட்டில் போட்டுவிடலாம். ஆனால் இரவல் பொருள். யாருடையது என்று எனக்குத் தெரியாது. கர்த்தார் சிங் வாங்கித் தந்தது, அவர் திருப்பிக் கொடுக்கவேண்டும். சைக்கிளில் வந்த ஒரு ஆளிடம் நீட்டினேன். அவன் நான் ஏதோ பரிசு கொடுக்கிறேன் என்று நினைத்துக் கும்பிட்டு, வாங்காமலே போய்விட்டான். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வாய்க்கால் ஓரமாக ரோடு. மேடில்லை, வளைவில்லை. முதலில் காலே எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை. யாரோ ஓடுகிறார்கள், நான் மேலே உட்கார்ந்து போகிறேன் என்கிற மாதிரி இருந்தது. பத்து மைலுக்கு மேல் கால் திரும்பி வந்தது. வெயிலும் வந்தது, ஆனால் அந்த வெயிலில் சூடில்லை. முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தேன். ஒருத்தர் வாந்தியெடுத்துக்கொண்டு நின்றார். ஒரு பட்டாளத்துக்காரர் என் கையிலிருந்த ஜோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடி மரத்தில் மோதப் பார்த்தார்.

கடைசி ஐந்து மைல் உயிரைக் கொடுத்து ஓடினேன். கல்லாற்றுக்கு ஓடினபோதுகூட அப்படி ஓடவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். விலாவில் கத்தி வைத்த மாதிரி இருந்தது, நிற்கவில்லை. மூன்று மணிக்குள் வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஐம்பத்தொன்றுக்கும் குறைந்திருக்கும் என்றுகூட நினைத்தேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டினதும் மத்தாயி வந்து பிடித்தார். கையில் சாமியின் கடியாரம். அவரிடம்தான் கொடுத்துவைத்திருந்தேன். முகம் சரியில்லை.

"எத்தனை?"

"மூன்று மணி ஒன்பது நிமிஷம்."

"கடியாரம் தப்பு."

"அந்தத் துரை கையிலிருப்பதும் அதைத்தான் சொல்கிறது."

கடியாரத்தை வாங்கிப் பார்த்தேன். காதில் வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது. மேட்டு ரோட்டில் ஐம்பத்தொன்று, தட்டு ரோட்டில் உயிரைக் கொடுத்து ஓடினால் மூன்று ஒன்பது. எங்கே போயிற்று என் பதினெட்டு நிமிஷம்? ஜோட்டில் கொஞ்சம் போயிருக்கும். குளிரில் கொஞ்சம் போயிருக்கும். மீதி? எத்தனை யோசித்தும் பிடி கிடைக்கவில்லை.

பதினோராவதாக வந்திருந்தேன். கர்த்தார் சிங் ஆறாவது. அவர் என் கையிலிருந்த ஜோட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஏதோ சொன்னார். மத்தாயி அதை எனக்குச் சொன்னார். "அடுத்த தடவை என்னையும் தூக்கிக்கொண்டு ஓடு என்கிறார்."

மத்தாயிக்கு இரும்புக் குண்டில் மூன்றாவது இடம். ஒரு வெண்கலத் தட்டு கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அதில்தான் பூரி தின்றார். பூரி நீட்டினார், வேண்டாம் என்றேன்.

"ஒன்பது நிமிஷம்தானே பாண்டி" என்றார் மூன்றாம் நாள்.

"வேலை போயிற்று மத்தாயி."

அவர் தட்டைத் துடைத்து வைத்துவிட்டார்.

திருவனந்தபுரத்தில் இறங்கினதும் உடம்பு தானாக விரிந்தது. குப்பியைத் திறந்தேன், எண்ணெய் தண்ணீராக இருந்தது. செல்லம் என் முகத்தைப் பார்த்தாள். சோறு போட்டாள். மூன்று தடவை வாங்கித் தின்றேன்.

வக்கீல் சாமி கேட்டார்.

"மூணு ஒன்பதா? ஏண்டா, ஐம்பத்தொண்ணுலே ஓடினவன் நீதானா, இல்லே வேறே எவனாவதா? அங்கே போய் வெண்ணெயைத் தின்னுட்டுத் தூங்கினியா?"

"தெரியலை சாமி."

"தெரியலையாம்! ஜட்ஜிகிட்டே தெரியலைன்னா சொல்லுவேன்? அந்த வேலைக்கு வேறொருத்தன் காத்திண்டிருக்கான், தெரியுமோ? ஜட்ஜியோட பட்லருக்கு மருமான்."

நான் கடியாரத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வெச்சுக்கோ. அதைப் பார்த்தாலே எனக்கு எரியறது. ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டா" என்றார்.

மறுநாள் ஒருவர் லீவு. கல்லாற்றுக்கு ஒரு சம்மன் இருந்தது. ஓட மனசில்லை. பஸ்ஸில் போனேன். சம்மன் வாங்கவேண்டிய ஆள் மரம் வெட்டப் போயிருந்தான். வரட்டும் என்று மீரான்பிள்ளை கடையில் உட்கார்ந்தேன். சாயா குடித்தேன். ஆற்றில் தண்ணீர் குறைந்து கல்லெல்லாம் தெரிந்தது.

மீரான்பிள்ளை திடீரென்று எழுந்து வெளியே போனார். வாசலில் வண்டிமாடு கட்டுகிற மரத்தூண் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார். நிழலைப் பார்த்தார். காலால் ஒரு கோடு கிழித்தார். காத்திருந்தார். பிறகு உள்ளே வந்து முக்காலியில் ஏறி, சுவர்க் கடியாரத்தின் முள்ளைக் கையால் கொஞ்சம் தள்ளிப் பன்னிரண்டில் வைத்தார்.

நான் இடுப்பிலிருந்து சாமியின் கடியாரத்தை எடுத்தேன். பன்னிரண்டு முப்பத்துமூன்று.

குளிரில் கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். ஆனால் காலையில் தம்பானூரில் பார்த்தபோது சரியாக இருந்தது.

"பிள்ளே, மணி தப்பா வைக்கீரே" என்றேன்.

"தப்போ? உச்சி இப்பத்தானே ஆச்சு. வேணும்னா போய் நிழலைப் பாரு."

"ஸ்டேஷன் கடியாரத்திலே பன்னிரண்டரைக்கு மேலே ஆச்சு."

மீரான்பிள்ளை முக்காலியிலிருந்து இறங்கினார். "கல்லாத்துக்கு எந்த ரயில் வருது? வந்தால் சொல்லு, மாத்தி வைக்கேன். எங்க வாப்பா காலத்திலேருந்து நிழல் பார்த்துத்தான் வைக்குது. வண்டிக்காரன், மரக்காரன், எஸ்டேட்டுக் கூலி, எல்லாருக்கும் இதுதான் மணி."

இன்னொரு சாயா வாங்கினேன். குடிக்கவில்லை. ஆறிப்போனது.

பாலத்தில் சாமி என்னை விட்டது ரயில் கடியாரத்தில். கேசவபிள்ளை எழுதினது நிழல் கடியாரத்தில். நடுவில் அரை மணிக்கு மேல். அதை நான் ஓடவே இல்லை. விரலை விட்டு எண்ணினேன். மூன்று மணி இருபத்துச் சொச்சம் ஓடினவனைத்தான் இவர்கள் லாகூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவன் அங்கே போய், இரண்டு கையிலும் ஜோட்டைப் பிடித்துக்கொண்டு, மூன்று ஒன்பதில் வந்திருக்கிறான். அப்படியானால் நான் தோற்றேனா, ஜெயித்தேனா? சந்தோஷப்படவேண்டுமா, வேண்டாமா? சம்மன் வாங்குகிற ஆள் வந்து எதிரில் நின்றான். நான் அவனைக் கவனிக்கவில்லை. அவனே தலையைச் சொறிந்து, "எனக்குத்தானே?" என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் வலியசாலைக்குப் போய்ச் சாமியிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு கூப்பிட்டார்.

"கேசவா! கல்லாத்திலே நீ எந்தக் கடியாரத்தைப் பார்த்து எழுதினே?"

"கடைச் சுவரிலே தொங்குன கடியாரம் நோக்கித்தான் சாமி. வேற கடியாரம் அவிடே இல்லல்லோ."

"அது ரயில் டைமா, என்ன டைம்னு கேட்டியோ?"

"கடியாரத்திட்ட என்ன கேக்குறது சாமி? மணி எட்டு இருபத்தொண்ணுன்னு காட்டிச்சு. நான் எழுதினேன்."

சாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். காகிதத்தில் கூட்டினார், கழித்தார். "மூணு இருபத்துநாலு. இவன் ஓடினது மூணு இருபத்துநாலுடா. நான் பேப்பர்க்காரனுக்கெல்லாம் எழுதிட்டேனே" என்றார். கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்போ நீ லாகூர்லே நன்னாத்தான் ஓடியிருக்கே" என்றார். அது வரைக்கும் யாரும் அதைச் சொல்லவில்லை.

அவரே ஜட்ஜியிடம் போய் உள்ளதைச் சொன்னார். ஜட்ஜி சிரிக்கவில்லையாம். "இன்னொரு தரம் ஓடட்டும். இரண்டு பக்கமும் ஒரே கடியாரம். மூன்று மணி என்றால் மூன்று மணி. குமாஸ்தா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரட்டும்" என்றாராம். பட்லருடைய மருமானின் விண்ணப்பம் மேஜைமேல் இருந்ததாம்.

மாசிக் கடைசியில் ஓடினேன். செல்லம் தன் பழைய சேலையில் ஒரு முந்தியைக் கிழித்துக் கடியாரத்தை என் இடுப்பில் கட்டினாள்.

"ஜெயிச்சிட்டு வாங்க" என்றாள்.

"ஓடிட்டு வாரேன்" என்றேன்.

பாலத்தில் ஐந்தரைக்குச் சாமி விட்டார். பேரூர்க்கடை ஏற்றத்தில் விடிந்தது. நெடுமங்காட்டுச் சந்தைக்காரிகள், "இன்னைக்கு யாருக்கு அடிச்சுது யோகம்?" என்று கத்தினார்கள். விதுரையில் ஒரு ஆள் என்னைப் பார்த்ததும் வேலி தாண்டி மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் குதித்தான். அவனுக்குச் சம்மன் ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு மூச்சில்லை. வெயில் முகத்தில் அடித்தது. லாகூர்ப் பனியை நினைத்தேன். கையில் ஜோடு இல்லை. காலடி மண் எனக்குத் தெரிந்த மண். கல்லாறு வருவதற்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் விலாவில் அந்தக் கத்தி மறுபடி வந்தது. விடவில்லை.

கடை வாசலில் தூணைத் தொட்டேன். விழுந்தேன். கேசவபிள்ளை என் இடுப்பை அவிழ்த்துக் கடியாரத்தை எடுத்துப் பார்த்தார். சுவர்க் கடியாரத்தையும் பார்த்தார். அது எட்டு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. மீரான்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து தலையில் ஊற்றினார்.

"ரெண்டரை மணிக்கூர்கூட ஆகல்லியே! என் கடியாரத்திலே பாரு!" என்று மீரான்பிள்ளை சொன்னார்.

கேசவபிள்ளை காகிதத்தை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டார். எழுதவில்லை. என் பக்கத்தில் குந்தினார்.

"சுடலே, ஆதியிலே தப்பு செய்தது நான். நானே தீர்க்குறேன். ரெண்டு ஐம்பத்தெட்டுன்னு எழுதட்டே? இந்தக் கடியாரம் ஓடிட்டேதானே இருக்கும்? சாமி கையிலே போகும்போ உச்சி காட்டும். யாருக்குத் தெரியும்? சாமிக்கு சந்தோஷம், ஜட்ஜிக்கு சந்தோஷம். உனக்கு மாசம் முழுக்கச் சோறு."

மீரான்பிள்ளை உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தார். சத்தமாகத் தேய்த்தார்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தேன். செல்லம் நினைவுக்கு வந்தாள். மத்தாயி பூரித் தட்டைத் துடைத்து வைத்தது நினைவுக்கு வந்தது. பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"பிள்ளைவாள், நாலு வருஷமா சம்மன் கொண்டுபோறேன். வீடு பூட்டியிருந்தா கதவிலே ஒட்டிட்டு, ஒட்டினேன்னுதான் எழுதுவேன். கையிலே கொடுத்தேன்னு ஒரு நாளும் எழுதினதில்லை."

"அது சம்மன். இது ஓட்டமல்லே?"

"ரெண்டுக்கும் நடந்தது ஒரே காலு. கண்டதை எழுதும்."

அவர் கடியாரத்தை இன்னொரு தரம் பார்த்தார். எழுதினார். கையெழுத்துப் போட்டார். காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மூன்று மணி இரண்டு நிமிஷம்.